கூம்புக் குழாயும் பழைய பாட்டும்: தருமபுரி மாவட்டத்தின் கேட்கும் நினைவு

தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் பழைய திரைப்பாட்டு பெரும்பாலும் படத்துக்கு முன்பே வந்து சேர்ந்தது. கோயில் திடலில் கட்டிய கூம்புக் குழாய், கல்யாண வீட்டு மைக்செட், பஞ்சாயத்து ரேடியோ அறை, டூரிங் டாக்கீஸின் கூரைமேல் இருந்த ஒலிபெருக்கி ஆகியவைதான் அதைக் கொண்டு வந்தன. படத்தைப் பிறகு பார்த்தவர்களும் உண்டு, பார்க்காமலே பாட்டை முழுதாக அறிந்தவர்களும் உண்டு. 1950 முதல் 1980 வரையிலான பாடல்களையும் பாடகர்களையும் இம்மாவட்டத்து மக்கள் இன்று நினைவுகூரும் விதத்துக்கு இதுவே அடிப்படை. ஒரு பாட்டைச் சொன்னால் அவர்களுக்கு நடிகரின் முகத்தைவிட ஒரு திருவிழாவோ, ஒரு கல்யாணமோ, ஒரு மாலை வேளையோதான் முந்திக்கொண்டு வருகிறது.

தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2 அன்று. அதுவரை அது சேலம் மாவட்டத்தின் பகுதி. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தபின் இன்றைய எல்லை அமைந்தது. தமிழ்த் திரைப்பாட்டின் வரலாற்றில் இந்த நிர்வாகச் செய்திக்கும் ஓர் இடம் உண்டு. டி. ஆர். சுந்தரம் 1930களில் ஏற்காடு சாலையில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் அந்தப் பழைய சேலம் மாவட்டத்தின் தலைநகரில் இருந்தது. சென்னைக்கு வெளியே இயங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த நிறுவனம் அது. 1950இல் அங்கிருந்து வெளியான ‘மந்திரி குமாரி’யில் ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் சேர்ந்து பாடிய மலையுச்சிப் பாட்டு தமிழ்நாடெங்கும் பரவியது. அந்தப் படம் வெளியானபோது தருமபுரி, அரூர் வட்டங்களின் மக்களுக்கு அது தங்கள் மாவட்டத்தில் எடுத்த படம். படப்பிடிப்புத் தளத்திலிருந்து அறுபது, எழுபது கிலோமீட்டரில் இருந்தவர்களுக்கும் அதன் பாட்டு தட்டின் வழியாகத்தான் வந்தது.

அந்தக் காதுகள் பழகியிருந்த இசை எது என்பதையும் பார்க்க வேண்டும். திரௌபதி அம்மன் திருவிழாக்களும் பாரதக் கூத்தும் இம்மாவட்டத்தில் வேரூன்றியவை. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவு முழுக்கக் கூத்து, முடிவில் துரியோதனன் படுகளமும் தீமிதியும் என்று நாட்கணக்கில் நடக்கும் விழா அது. ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் ஒலிக்கும் களத்தில், கூத்துக்கலைஞர் ஒலிவாங்கி இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாட வேண்டும். சுருதி உயர்ந்திருக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லும் உடையாமல் வந்து விழ வேண்டும். இப்படிப்பட்ட பாட்டில் வளர்ந்தவர்கள் டி. எம். சௌந்தரராஜனையும் சீர்காழி கோவிந்தராஜனையும் உடனே தம்மவராக ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. 1964இல் வெளியான ‘கர்ண’னில் கர்ணன் உயிர் பிரியும் தறுவாயில் சீர்காழி பாடிய பாட்டு, கர்ண மோட்சக் கூத்தை ஆண்டுதோறும் விடியவிடியப் பார்த்த ஊர்களில் வெறும் திரைப்பாட்டாக ஒலித்திருக்க முடியாது. கதையும் துயரமும் அங்கே முன்பே இருந்தன. சீர்காழியின் குரல் அவற்றின் மேல் வந்து பொருந்தியது.

சீர்காழி கோவிந்தராஜன் (1933–1988) சென்னைத் தமிழிசைக் கல்லூரியில் ‘இசைமணி’ பட்டம் பெற்றவர். மதுரையில் பிறந்த சௌந்தரராஜன் (1922–2013) எம். கே. தியாகராஜ பாகவதரின் பாணியில் பாடத் தொடங்கி, பிறகு தனக்கென்று ஒரு குரலை வகுத்துக்கொண்டவர். இருவரும் மேடைக்கென்று பயின்ற குரலோடு திரைக்கு வந்தவர்கள். இதே காலத்தில் இன்னொரு வகைக் குரலும் வளர்ந்தது. ஏ. எம். ராஜாவும் பி. பி. ஸ்ரீநிவாசும் ஒலிவாங்கிக்கு அருகில் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் அளவுக்குத் தாழ்த்திப் பாடினார்கள். ஒலிவாங்கி வந்தபின் உலகெங்கும் இந்த மென்குரல் பாணி தோன்றியது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பியும் பின்னர் ஜிம் ரீவ்ஸும் இதில் பெயர் பெற்றார்கள்.

கூம்புக் குழாய்க்கு இந்த இரண்டு குரல்களும் ஒன்றல்ல. அது தாழ்ந்த அலைவரிசை ஒலிகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். நடுத்தர, உயர் ஒலிகளை மட்டும் கூர்மையாக்கித் தொலைவுக்குத் தள்ளும். வயல்வெளி தாண்டி அடுத்த ஊர்வரை போய்ச் சேர்ந்தவை சௌந்தரராஜன், சீர்காழி, எல். ஆர். ஈஸ்வரி போன்றோரின் குரல்கள். ராஜாவும் ஸ்ரீநிவாசும் வீட்டு வானொலியில், இரவில், ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டபோதே முழுமையாகக் கிடைத்தார்கள். எந்தப் பாடகர் ஊர் நினைவில் இருக்கிறார், எவர் தனி நினைவில் இருக்கிறார் என்பதைக் கருவியும் ஓரளவு முடிவு செய்திருக்கிறது. இசை விமர்சனத்தில் இதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

மைக்செட்காரர் அந்தக் காலத்தின் முக்கியமான மனிதர். கல்யாணத்துக்கு முதல் நாளே மிதிவண்டியிலோ மாட்டுவண்டியிலோ பெட்டிகளோடு வந்து இறங்குவார். ஒலிபெருக்கிப் பெட்டி, தட்டு சுழலும் கருவி, மின்சாரம் எட்டாத ஊர் என்றால் லாரி பேட்டரி, இரண்டு மூன்று குழாய்கள், தட்டுகள் அடுக்கிய ஒரு மரப்பெட்டி ஆகியவை அவருடைய உடைமை. உயரமான மரமாகப் பார்த்து, திசைக்கு ஒன்றாகக் குழாயைக் கட்டுவார். அரக்கால் ஆன 78 சுழற்சித் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே ஓடும். பக்கம் முடிந்ததும் திருப்ப வேண்டும், தேய்ந்த ஊசியை மாற்ற வேண்டும். அந்தக் காலத்துத் திரைப்பாட்டு பல்லவி, இரண்டு அல்லது மூன்று சரணம் என்ற அளவில் அடங்கியதற்கு இந்தத் தட்டின் அளவும் ஒரு காரணம். நீண்ட பாட்டு என்றால் இரண்டு பக்கமாகப் பிரித்துப் பதித்தார்கள். பாதியில் தட்டைத் திருப்பும் அந்த இடைவெளியோடு சேர்த்தே பாட்டை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சாகி வந்த, நாய்ப் படம் போட்ட எச்.எம்.வி. தட்டுகள் அந்தப் பெட்டியில் தவறாமல் இருக்கும். கீழே விழுந்தால் உடையும் பொருள் என்பதால் பெட்டியை அவர் பிறர் கையில் தரமாட்டார்.

எந்த நேரத்தில் எந்தத் தட்டு என்பதில் எழுதாத ஒழுங்கு இருந்தது. செட் போட்டதும் முதலில் சீர்காழி பாடிய பிள்ளையார் பாட்டு. பிறகு சௌந்தரராஜனின் முருகன் பாடல்கள். கல்யாணத்தில் பெண்ணை அழைத்து வரும் நேரத்துக்கு ‘பாசமலர்’ (1961) படத்தில் எல். ஆர். ஈஸ்வரி பாடிய தோழியர் பாட்டு. விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில் வந்த அந்தப் பாட்டு ஈஸ்வரிக்குத் திருப்புமுனையாக அமைந்தது. தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் அது ஒரு சடங்கின் இடத்தையே பிடித்துக்கொண்டது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்களில் அதே ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் விடியற்காலை தொடங்கிவிடும். சாவு வீட்டில் ‘பாத காணிக்கை’ (1962) படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி சௌந்தரராஜன் பாடிய நிலையாமைப் பாட்டு. அந்தப் பாட்டு கேட்டதும் இன்னார் வீட்டில் துக்கம் என்று ஊர் புரிந்துகொண்டது.

பிறப்பு, பூப்பு, கல்யாணம், சாவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தமிழ்க் கிராமத்தில் தாலாட்டு, நலங்குப் பாட்டு, ஒப்பாரி என்று முன்பே பாட்டு இருந்தது. தட்டுப் பாட்டு அந்த இடங்களில் போய் அமர்ந்துகொண்டது. இதனால் பெண்கள் வழிவழியாகப் பாடிவந்த பாட்டுகள் சில பின்னுக்குப் போயின என்பது மறுக்க முடியாத இழப்பு. ஆனால் புதிதாக வந்தது மக்களிடம் ஒட்டாமல் நின்றுவிடவும் இல்லை. அச்சடித்த பாட்டு ஊரின் வழக்கமாக மாறியதும் பாடகரும் ஊருக்கு உறவினர் போல ஆகிவிட்டார். சௌந்தரராஜனை ‘டி.எம்.எஸ்.’ என்று பெயரெழுத்தாலேயே எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் குறிப்பிட்டதை வேறு எப்படி விளக்குவது?

வானொலி இதற்கு இணையான இன்னொரு வழி. தனி வீட்டில் வானொலிப் பெட்டி வைக்க அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் வாங்க வேண்டியிருந்த காலத்தில், பஞ்சாயத்து ரேடியோவே பெரும்பாலோருக்குக் கிடைத்த வானொலி. சிறிய அறைக்குள் பெட்டி, வெளியே கம்பத்தில் குழாய், சுற்றிலும் உட்காரும் திண்ணை. மாலையில் செய்தியும் வேளாண் நிகழ்ச்சியும் முடிந்தபின் பாட்டுக்காகக் கூட்டம் காத்திருக்கும். 1952இல் மத்திய அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்கு இடத்தைக் குறைத்தார். செவ்வியல் இசையை வளர்ப்பது அவர் நோக்கம். அதன் பலன் இலங்கை வானொலிக்குப் போயிற்று. கொழும்பிலிருந்து சிற்றலையில் வந்த தமிழ் ஒலிபரப்பை இந்தியத் தமிழர்கள் தங்கள் வானொலியாகவே கேட்டார்கள். எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் பாடகர்களுக்கு நிகராக அறியப்பட்டவர்கள். ‘பொங்கும் பூம்புனல்’ காலை நேரத்தின் அடையாளமாயிற்று. அகில இந்திய வானொலி 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி இழந்த நேயர்களை மீட்க முயன்றது. சென்னையிலிருந்து ‘தேன்கிண்ணம்’, ‘நேயர் விருப்பம்’ என்று தமிழ்ப் பாட்டு நிகழ்ச்சிகள் பின்னர் நிலைபெற்றன.

அறிவிப்பாளர்கள் செய்த ஒரு வேலையைத் தனியே சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று எல்லாப் பெயரையும் சொன்னார்கள். மருதகாசியும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் கண்ணதாசனும் கே. வி. மகாதேவனும் பென்னாகரத்து டீக்கடையில் பேசப்படும் பெயர்களானது இப்படித்தான். சந்தையிலும் திருவிழாவிலும் விற்ற மலிவுத் தாள் பாட்டுப் புத்தகங்கள் அதே அறிவை அச்சில் தந்தன. முன்பக்கம் நடிகர் பட்டியல், அடுத்துக் கதைச்சுருக்கம், மீதிக் கதையை வெள்ளித்திரையில் காணும்படி ஒரு வேண்டுகோள், பிறகு பாட்டுகள். பலர் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது இந்தப் புத்தகங்களைக் கொண்டுதான்.

தருமபுரியின் நினைவுக்கு இன்னொரு தனித்தன்மை, அதன் எல்லை. கர்நாடகத்தை ஒட்டிய இம்மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகப் பேசும் குடும்பங்கள் பல உண்டு. பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருவது இங்கே பல தலைமுறை வழக்கம். காக்கிநாடாவில் பிறந்த பி. பி. ஸ்ரீநிவாஸ் (1930–2013) தமிழில் ஜெமினி கணேசனுக்குக் குரலானவர். கன்னடத்தில் அவரே ராஜ்குமாரின் குரல். விஜயநகரத்தில் பிறந்த பி. சுசீலாவும் குண்டூர்ப் பகுதியில் பிறந்த எஸ். ஜானகியும் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எல்லாவற்றிலும் பாடினார்கள். தென்னிந்திய மொழிப் படங்களில் பெரும்பாலானவை சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் உருவானதால் இது இயல்பாக நடந்தது. ஆகவே எல்லையோரத்துக் குடும்பத்தில் தாய் கன்னடப் பாட்டாகவும் மகன் தமிழ்ப் பாட்டாகவும் ஒரே ஸ்ரீநிவாசை நினைவில் வைத்திருப்பது அரிதான செய்தி அல்ல. சுசீலா ஆறுக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் 17,695 பாடல்கள் பாடியதாகக் கின்னஸ் நிறுவனம் 2016இல் பதிவு செய்தது. சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலில் வழங்கப்பட்டபோது, ‘உயர்ந்த மனிதன்’ (1968) படத்துக்காக அதைப் பெற்றவரும் அவரே.

நாட்டுப்புற இசையும் வெகுசன இசையும் வானொலியும் இப்படிக் கலந்தது தமிழகத்துக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் தென்பகுதி மலையூர்ப் பாட்டுகள் 1920களில் தட்டுக்கும் வானொலிக்கும் வந்துதான் ‘கன்ட்ரி’ இசை என்ற வகை உருவாயிற்று. நாஷ்வில் நகரின் வானொலி நிலையம் 1925 நவம்பரில் தொடங்கிய நிகழ்ச்சி பின்னர் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்று பெயர் பெற்று இன்றும் தொடர்கிறது. 1927இல் பிரிஸ்டல் என்ற ஊரில் நடந்த ஒலிப்பதிவில்தான் கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்சும் வெளியுலகுக்குத் தெரிய வந்தார்கள். ராட்ஜர்ஸ் புகழ்பெற்றது, தொண்டையை உடைத்து மேல்குரலுக்குத் தாவும் ‘யோடலிங்’ முறையில். தமிழில் அந்த முறையைக் கையாண்டு மக்களைக் கவர்ந்தவர் ஜே. பி. சந்திரபாபு (1927–1974). தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் சிறுவயதைக் கழித்த அவர், ‘மரகதம்’ (1959) போன்ற படங்களில் பாடியவை குழாயிலும் வானொலியிலும் ஓயாமல் ஒலித்தன. மேலைப் பாணி அவர் வாயில் அந்நியமாகப் படவில்லை. ஏற்ற இறக்கத்தோடு குரலைத் தாவவிடும் பழக்கம் ஆடு மேய்ப்பவரின் கூவலிலும் தெம்மாங்கிலும் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

கிராமத்து மெட்டு திரையின் நடுவுக்கு முழு உரிமையோடு வந்தது 1976இல், ‘அன்னக்கிளி’ வழியாக. பண்ணைப்புரத்தில் பிறந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராக மேடைகளில் வாசித்துப் பழகிய இளையராஜாவின் முதல் படம் அது. ஜானகியின் குரலில் நடவுப் பாட்டின் சாயலைக் கேட்ட கிராமத்தார், தங்கள் பாட்டு தட்டில் ஏறியதாக உணர்ந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ‘16 வயதினிலே’ ஜானகிக்குத் தேசிய விருதையும் மலேசியா வாசுதேவனுக்கு நிலையான இடத்தையும் தந்தது.

பிறகு ஒலிநாடா வந்தது. 1980களில் தருமபுரி, அரூர், பாலக்கோடு போன்ற ஊர்களின் கடைத்தெருக்களில் ரெக்கார்டிங் சென்டர்கள் பெருகின. விரும்பிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்கு ஆறு, ஏழு பாட்டாகப் பதிந்து, அட்டையில் கடைக்காரர் தம் கையெழுத்தில் வரிசை எழுதித் தருவார். ஊருக்குப் பொதுவாக இருந்த பாட்டை இப்போது ஒருவர் தமக்கென்று தொகுத்துக்கொள்ள முடிந்தது. சேலம் – பெங்களூர் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் ஏறி இறங்கும் லாரிகளும் பேருந்துகளும் இந்த நாடாக்களை ஓடவிட்டன. பெங்களூரின் கட்டட வேலைக்கும் திருப்பூரின் பனியன் ஆலைக்கும் போனவர்கள் ஊரை எடுத்துச் சென்றது பெரும்பாலும் அந்த நாடாக்களில்தான்.

இளமையில் கேட்ட பாட்டு மற்றவற்றைவிட ஆழமாகப் பதியும் என்பது உளவியலில் நிலைபெற்ற முடிவு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் குருமான்சல், ஜஸ்டின் சுப்னிக்குடன் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இருபது வயதையொட்டிய இளைஞர்களிடம் 1955 முதல் 2009 வரையான புகழ்பெற்ற பாட்டுகளைப் போட்டுக் காட்டியபோது, தம் பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளும் அவர்களிடம் நினைவைத் தூண்டின. தாத்தா பாட்டி காலத்தை ஒட்டிய 1960களின் பாட்டுக்கும் அத்தகைய ஈடுபாடு தெரிந்தது. வீட்டில் வளரும்போது காதில் விழுந்ததே காரணம் என்று அவர்கள் கருதினார்கள். தருமபுரியில் வீடு என்ற எல்லை இன்னும் விரிந்தது. ஊரே கேட்ட பாட்டு என்பதால், 1990களில் பிறந்தவருக்கும் ‘பாசமலர்’ பாட்டு தம் வீட்டுக் கல்யாணத்தின் நினைவாக இருக்கிறது. அமெரிக்க ஆய்வில் குடும்பம் செய்ததை இங்கே திருவிழாவும் பந்தலும் செய்தன.

இன்று நிலைமை வேறு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கும் ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன. காவல் துறையின் கட்டுப்பாடுகளால் கூம்புக் குழாய் அருகிவிட்டது. நோயாளியையும் படிக்கும் பிள்ளையையும் எண்ணினால் இது நியாயமான மாற்றமே. பாட்டின் மேல் உள்ள பற்று அதை மறைக்கக் கூடாது. அகில இந்திய வானொலியின் தருமபுரி நிலையம் 102.5 பண்பலையில் பழைய பாட்டை ஒலிபரப்புகிறது. திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுக்கள் சௌந்தரராஜனையும் ஈஸ்வரியையும் போலப் பாடிக் கைதட்டல் பெறுகின்றன. கைப்பேசியில் எல்லாப் பாட்டும் கிடைக்கிறது, ஆனால் அங்கே படத்தில் வாயசைத்தவரின் முகம்தான் முன்னால் நிற்கிறது. எழுதியவர், இசையமைத்தவர் பெயர்கள் பல நேரம் இருப்பதில்லை, இருந்தாலும் தவறாக இருக்கின்றன. பெயர் சொல்லிப் பாட்டு போட்ட பழைய வானொலியின் ஒழுக்கம் கைவிடப்பட்டது பெரிய குறை. 2013இல் ஏப்ரல் 14 அன்று ஸ்ரீநிவாசும் மே 25 அன்று சௌந்தரராஜனும் மறைந்தார்கள். 2020இல் எஸ். பி. பாலசுப்பிரமணியமும் 2023இல் வாணி ஜெயராமும் போனார்கள். பாடியவர்களின் தலைமுறையோடு, அவர்களைக் கேட்கச் செய்த மைக்செட்காரர்களின் தலைமுறையும் முடிந்துகொண்டிருக்கிறது.

பாடகர்களைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. எந்த ஊரில் எந்தச் சடங்குக்கு எந்தத் தட்டு ஓடியது, எந்தப் பாட்டு எந்தக் கூத்துப் பாட்டை நகர்த்தியது, கன்னடம் பேசும் வீட்டில் எந்தத் தமிழ்ப் பாட்டு தங்கியது என்பதெல்லாம் முதியவர்களின் வாயில் மட்டுமே இருக்கின்றன. மாவட்டத்துக் கல்லூரிகளின் தமிழ்த் துறை மாணவர்கள் தத்தம் ஊர் மைக்செட்காரரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினால் ஓராண்டில் ஒரு நல்ல தொகுப்பு உருவாகும். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பாட்டுப் புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் பாதுகாத்து வருகிறது. பரணில் கிடக்கும் தட்டுப் பெட்டியையும் பாட்டுப் புத்தகக் கட்டையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன், அதுபோன்ற ஒரு நூலகத்திடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.